காலி மைதானத்துக்கு ஒரு பயணம்

இவ்வாண்டு எங்கள் பாடசாலையின் கல்விச் சுற்றுலா காலிக்கு என்று முடிவாயிற்று. கண்டியும் நுவரெலியாவும் பழகிப்போன இடங்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒரே குரலில் காலியைக் கேட்டார்கள். காரணம் சரித்திர ஆர்வமென்று நான் பொய் சொல்லப் போவதில்லை. காலிக் கோட்டையின் காலடியில் கிடக்கும் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு டெஸ்ட் போட்டியை நேரிற் கண்டுவிட வேண்டுமென்பதே அவர்களுடைய ஆசை. ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர், "பந்தடி பார்ப்பதற்குப் பெயர் கல்விச் சுற்றுலாவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நான் மறுமொழி தேடிக்கொண்டிருக்கையில், ஒரு மாணவன் வேறொரு கேள்வியைப் போட்டுவிட்டான்.

"சேர், கோட்டைச் சுவரில் ஏறி நின்றால் டிக்கெட் எடுக்காமலே பார்க்கலாமாமே?"

பார்க்கலாம். ஆனால் அந்தச் சுவர் அங்கே ஏன் நிற்கிறது, அதன் அடியில் மைதானம் எப்படி வந்தது, யாருக்காக வந்தது, வாசலில் யார் அனுமதிக்கப்பட்டார், யார் வேலிக்கு வெளியே நின்றார் என்று விசாரிக்கத் தொடங்கினால், அந்த விசாரணையே ஒரு தவணைக்கு வேண்டிய சரித்திர பாடமாகிவிடும். கூட்டத்தில் கேள்வி எழுப்பிய நண்பருக்கும் அந்த மாணவனுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'காலி' என்றால் நமக்கு வெறுமை. "காலி மைதானத்துக்கா இவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்று ஊரில் கேலி செய்தவர்கள் உண்டு. 1344ஆம் ஆண்டளவில் இவ்வூருக்கு வந்த யாத்திரிகர் இப்னு பதூதா இதனைக் 'காலி' என்றே எழுதிவைத்தார். அராபிய வணிகரும் தென்னிந்திய வணிகரும் கூடிய துறைமுகம் அது. சீனத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுப் பொறிப்பித்த கல்வெட்டொன்று இங்கே கிடைத்தது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். அயலூரிலிருந்து வந்த ஒருவன் இத்தீவின் துறைமுகத்தோடு பேச விரும்பியபோது தமிழையும் பாரசீகத்தையும் தேர்ந்துகொண்டான் என்பது நம் மாணவர் அறியவேண்டிய செய்தி. அந்தக் கல் 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது வடிகால் ஒன்றின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சரித்திரம் பலவேளைகளில் இப்படித்தான் நம் காலடியில் முகங்குப்புறக் கிடக்கிறது!

கோட்டையைப் போர்த்துக்கேயர் தொடங்கினர். 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி இன்று நாம் காணும் பெருஞ்சுவரை எழுப்பினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. நிலத்தை நோக்கிய பக்கத்தில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று கொத்தளங்கள். சுவருக்கு முன்னால் வீடோ மரமோ இல்லாத வெட்டவெளி. எதிரி ஒளிந்துகொள்ள இடமிருக்கக் கூடாதென்பது கோட்டைக் காவலின் பால பாடம். பீரங்கிக்காக வெறுமையாக்கி வைத்த அந்நிலத்தையே, பீரங்கிக்கு வேலையற்றுப்போன காலத்தில், வெள்ளைத் துரைமார் குதிரைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அது 1876ஆம் ஆண்டு. பந்தயம் பார்க்க 1892இல் மேடை கட்டினார்கள். காலித் துறைமுகம் அப்போது தேய்ந்துகொண்டிருந்தது. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிவடைந்ததும் கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டன. துறைமுகத்துக் கூலிகளின் பிழைப்பு கெட்டது; துரைமாரின் குதிரைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

குதிரை மைதானத்தைக் கிரிக்கெட் மைதானமாக்கியதில் பெரும் பங்கு பாடசாலை மாணவருக்குண்டு. ரிச்மண்ட் கல்லூரிக்கும் மகிந்த கல்லூரிக்கும் இடையிலான வருடாந்தப் போட்டி 1905இல் தொடங்கியது. ஒன்று மெதடிஸ்த மிஷனரிகளின் பள்ளி, மற்றது பௌத்த மறுமலர்ச்சியின் பிள்ளை. 1927இல் இவ்விடம் முறைப்படி கிரிக்கெட் மைதானமென அறிவிக்கப்பட்டது. ஆசிரிய நண்பர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். கல்முனைக் கரையில் மீனவர் பிள்ளையும் நெசவாளர் பிள்ளையும் காசின்றிப் பல்கலைக்கழகம் வரை செல்ல வழிசெய்த இலவசக் கல்வித் திட்டம் 1945இல் வந்தது. அதற்காகப் போராடிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அந்த ரிச்மண்ட் கல்லூரியிற் கற்றவர். எங்கள் பஸ் வண்டியில் ஏறப்போகும் ஒவ்வொரு மாணவனும் அவருக்குக் கடன்பட்டவன்.

ஆனால் கிரிக்கெட் என்ற ஆட்டமே இலங்கையில் வாசல் காவலோடு வந்தது. 1832இல் தோன்றிய கொழும்பு கிரிக்கெட் கழகம் நெடுங்காலம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. வாசல் அடைக்கப்பட்ட சுதேசிகள் என்ன செய்தார்கள்? ஒன்றுகூடி அந்தக் கதவைத் தட்டினார்களா? இல்லை. ஆளுக்கொரு கதவு செய்துகொண்டார்கள்! மலாயர் கழகம் 1872இல். சிங்களவர் கழகமும் தமிழர் கழகமும் 1899இல். சோனகர் கழகம் 1908இல். பறங்கியர்க்கும் தனிக் கழகமுண்டு. அந்நியன் கற்பித்த பாகப்பிரிவினையை எவ்வளவு விசுவாசமாகக் கற்றுக்கொண்டார்கள் பாருங்கள். சோனகர் கழகம் இருந்ததென்று கல்முனை முஸ்லிம் பெருமைப்படலாமோ? அது கொழும்பு வணிகச் செல்வரின் மாலைப் பொழுதுக்கு வந்தது. கரைவாகு வயலில் வரம்பு வெட்டியவனுக்கும் கரைவலை இழுத்தவனுக்கும் அதன் வாசல் எங்கே என்றுகூடத் தெரியாது.

அக்காலத்தில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே கப்பலிற் சென்ற கிரிக்கெட் அணிகள், கரி ஏற்றவும் தண்ணீர் எடுக்கவும் கப்பல் கொழும்பில் நிற்கும் ஒரு நாளில், கரையிறங்கி ஓராட்டம் ஆடிவிட்டுப் போவதுண்டு. 1882இல் ஐவோ பிளையின் அணி தொடங்கிவைத்த வழக்கம் இது. கடலில் வாரக்கணக்காக முடங்கிய கைகால்களை நீட்டிக்கொள்ளும் பயிற்சி ஆட்டம் அவர்களுக்கு, நமக்கோ திருவிழா. 1948 மார்ச் 27ஆம் தேதி டொன் பிராட்மனின் அணி கொழும்பு ஓவலில் ஆடியது. இலங்கை சுதந்திரம் பெற்று ஏழு வாரங்களும் சில நாட்களுமே ஆகியிருந்தன. பிராட்மன் 20 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். இன்றுவரை பேசப்படும் வேடிக்கை வேறு: 22 யார் நீளமாக இருக்கவேண்டிய ஆடுதளம் 20 யார்தான் இருந்ததை ஆஸ்திரேலியர் அளந்து கண்டுபிடித்தார்கள். அளவு பிழைத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் இன்னோர் அளவு பிழைத்தது. அதைக் கண்டு சிரிக்க முடியாது. குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களின் பல இலட்சம் தொழிலாளரை நாடற்றவராக்கியது.

அந்த மலையகத்தின் பேரன் ஒருவன்தான் காலி மைதானத்தின் மிகப் பெரிய நாளை நமக்குத் தந்தவன். 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்த ஒரு தமிழ்த் தொழிலாளியின் பேரனான முத்தையா முரளிதரன், 2010 ஜூலை 22ஆம் தேதி இங்கே இந்தியாவுக்கெதிராகத் தம் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். மாணவர்களுக்கு அந்த எண் மனப்பாடம். அந்தப் பாட்டனார் வந்த பாதையும் பாடமாக வேண்டும்.

இந்த விசாரணையில் என்னை அதிகம் உலுக்கிய மைதானம் நம் தீவில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பேஸ்போல் என்றோர் ஆட்டம். நம் கிராமங்களில் மூங்கிற் கழியால் பந்தை அடித்துவிட்டு எல்லை எல்லையாக ஓடும் 'எல்லே'யைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். வடபுலத்தில் பனி உறைந்திருக்கும் மாதங்களில் அணிகள் புளோரிடா போன்ற வெப்ப நாடுகளுக்கு வந்து, சிறு நகரங்களின் நடுவிலுள்ள மைதானங்களிற் பயிற்சி செய்யும். நாங்கள் காலிக்குத் திட்டமிடுவது போலவே அங்குள்ள குடும்பங்களும் எந்த ஊர், எந்த இருக்கை, எந்த விடுதி என்று திட்டமிட்டுப் புறப்படும்.

1946 வசந்தத்தில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு இளைஞர் மொன்ட்ரியல் அணியில் சேர்ந்து புளோரிடாவுக்குப் பயிற்சிக்கு வந்தார். பெரிய அணிகள் அறுபதாண்டுக்கு மேலாகக் கறுப்பரைச் சேர்த்ததில்லை. சான்போர்ட் என்ற ஊரில் மிரட்டல் எழுந்ததும் இரவோடிரவாக அவரை அங்கிருந்து அகற்ற வேண்டியதாயிற்று. ஜாக்சன்வில்லில் ஆட்ட நாளன்று மைதானத்து வாசலில் பூட்டுத் தொங்கியது. டிலாண்ட் என்ற ஊரில் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: மின்விளக்குகள் பழுதாம், ஆதலால் ஆட்டம் நடவாதாம். நடக்கவிருந்ததோ பகலாட்டம்! நம் அலுவலகங்களில் அனுமதிக் கடிதத்துக்கு அலைந்தவர்களுக்கு இந்தப் பகல் விளக்கு நன்கு பழக்கமானதே.

டேடோனா பீச் நகரின் நடுவில், ஆற்றோரம் இருந்த சிறு மைதானம் ஒன்று மட்டும் கதவு திறந்தது. 1946 மார்ச் 17ஆம் தேதி ராபின்சன் அங்கே வெள்ளையரோடு சேர்ந்து ஆடினார். அந்த வெற்றியையும் முழு வெற்றியென்று எழுத முடியாது. சக ஆட்டக்காரர் ஹோட்டலில் தங்க, அவரும் மனைவியும் கறுப்பர் குடியிருப்பில் ஒரு வீட்டில் தங்கினார்கள். அவரைக் காண ஆயிரமாய்த் திரண்ட கறுப்பு மக்கள் தனியாக ஒதுக்கப்பட்ட மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆட்டக்காரனுக்கு வாசல் திறந்தது. பார்வையாளனுக்கு வேலி அப்படியே நின்றது. அடுத்த ஆண்டு, 1947 ஏப்ரல் 15ஆம் தேதி, அவர் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். டேடோனா மைதானம் பிற்காலத்தில் ராபின்சன் பெயரையே தாங்கியது.

கல்முனையிலிருந்து காலிக்குச் செல்லும் பாதையைப் பார்ப்போம். புகையிரதம் நமக்கு இல்லை. இருப்புப்பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது. பிராட்மனைக் காண விரும்பிய கல்முனைக்காரன் மட்டக்களப்பு வரை பஸ்ஸிற் போய் இராப் புகையிரதம் பிடித்திருக்க வேண்டும். நாங்கள் தெற்கே போகிறோம்: ஏ-4 நெடுஞ்சாலையில் அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, அங்கிருந்து ஏ-2 வழியே அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி. ஒரு முழு இரவுப் பயணம்.

இப்பாதையில் ஒரு பாடத்தை வண்டி புறப்பட்ட முதல் மணி நேரத்திலேயே நடத்திவிட எண்ணியிருக்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை ஒரே கடல் இரு கரைகளையும் விழுங்கியது. காலி மாவட்டத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மைதானத்துக்கு அருகிலுள்ள பஸ் நிலையத்தில் வண்டிகள் தீப்பெட்டிகளாய் மிதந்த காட்சியை உலகமே கண்டது. அவ்வாண்டு மார்ச்சில் ஷேன் வார்ன் தம் 500ஆவது விக்கெட்டை எடுத்த அதே புற்றரை சேறும் சிதைவுமாயிற்று. நம் அம்பாறை மாவட்டத்திலோ பத்தாயிரத்துக்கும் மேல்; இலங்கையின் எந்த மாவட்டத்திலும் அத்தனை உயிர் போகவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று கரையோர வீதிகள் வீதிகளாகவே அழிந்தன. இதை நம் மாணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பிறக்குமுன் நடந்ததாயினும், வீடுதோறும் ஒரு பெயர் உண்டு.

சொல்ல வேண்டியது அதன் பிறகு நடந்தது. கடலோரத்தில் வீடு கட்டக் கூடாதென்று 2005இல் அரசு ஓர் எல்லை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடற்கரைக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய கீற்றாக, வீட்டோடு வீடு ஒட்டி வாழும் கல்முனைக் கரைக்கு 200 மீற்றர் என்பது என்ன? ஊரில் ஒரு பங்கு. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டதென்பது உண்மை. ஆனால் தளரும்வரை கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் கழிந்த நாட்கள் திரும்பி வந்தனவா?

காலி மைதானம் 2006 மேயில் திருத்தத் தொடங்கப்பட்டு, 2007 டிசம்பரில் இங்கிலாந்தோடு டெஸ்ட் போட்டி ஆடும் நிலைக்கு வந்துவிட்டது. மகேல ஜயவர்த்தன ஆட்டமிழக்காது 213 ஓட்டங்கள் குவித்து அதனைக் கொண்டாடினார். மகிழ்ச்சிதான், நானும் வானொலிக்குப் பக்கத்தில் அமர்ந்து மகிழ்ந்தவனே. ஆனால் எங்கள் வண்டி கடந்துபோகும் அக்கரைப்பற்றில், நுரைச்சோலை என்னுமிடத்தில், சுனாமியால் வீடிழந்த மக்களுக்கென்று சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குப் பகிர்வதென்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கட்டிய வீடுகள் ஆளின்றி ஆண்டுக்கணக்கில் காடு மண்டிக் கிடந்தன. ஆடுகளம் மூன்றே ஆண்டில் எழும்பியது. அடுப்படி பத்தாண்டு கழிந்தும் எழும்பவில்லை.

இதைச் சொல்லும்போது காலி ஏழையைக் கல்முனை ஏழைக்கு எதிராக நிறுத்துகிறேன் என்று யாரும் கொள்ளலாகாது. காலியின் மீனவனும் கூடாரத்திற்றான் கிடந்தான். இரு கரையிலும் தொலைக்காட்சிக்குத் தெரியும் கட்டிடம் விரைந்து எழுந்தது. தெரியாத குடிசை காத்துக் கிடந்தது. இதைச் சிங்களத்திலும் சொல்லக்கூடிய மாணவன் எங்கள் வண்டியில் இரண்டு பேராவது இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமை.

இனி அந்தக் கோட்டைச் சுவர். மைதானத்தின் தெற்கே, மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகில், கொத்தளங்களில் ஏறினால் முழு ஆட்டமும் கண்ணுக்குக் கீழே. எதிரியைச் சுடக் கட்டிய மேடை ஏழையின் இலவச ஆசனமாகியிருக்கிறது. ஒல்லாந்தத் தளபதிகள் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்! முதல் டெஸ்ட் போட்டி 1998 ஜூனில் நியூசிலாந்தோடு நடந்தது முதல், உள்ளே இருப்பவர்களைப் போலவே சுவரில் இருப்பவர்களும் இம்மைதானத்தின் அங்கமாகிவிட்டார்கள். கோட்டை 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை. மைதானத்தில் பின்னாளில் எழுப்பிய பார்வையாளர் மாடம் கோட்டையை மறைக்கிறது, ஆகவே இடிக்கப்பட வேண்டுமென்று 2018இல் பெரும் விவாதமும் நடந்தது. 2021 ஜனவரியில் பெருந்தொற்றின் காரணமாக மைதானம் பார்வையாளருக்கு மூடியிருந்தபோது, ஓர் ஆங்கில ரசிகர் பத்து மாதம் இத்தீவிலேயே காத்திருந்து சுவரிலேறிப் பார்த்தார். பொலிஸார் ஒருமுறை இறக்கியும் விட்டனர். பின்னர் அனுமதி கிடைத்தது. இரட்டைச் சதம் அடித்த அவரது நாட்டு அணித் தலைவர் மட்டையை அந்தச் சுவரை நோக்கி உயர்த்திக் காட்டினார். நம்மவன் ஒருவன் ஏறியிருந்தால் அத்தனை மென்மையாக இறக்கியிருப்பார்களா என்று நான் அப்போது எண்ணினேன்; அது வேறு கதை.

ஆனால் அச்சுவரின் உண்மையான நாள் 2022 ஜூலை 9. மண்ணெண்ணெய் இல்லாது எங்கள் கரையில் தோணிகள் மணலிற் கிடந்த காலம். பெற்றோல் வரிசையில் ஆசிரியர்கள் இரவைக் கழித்துவிட்டுத் தூங்காத கண்ணோடு வகுப்புக்கு வந்த காலம். காலியில் ஆஸ்திரேலியாவோடு இரண்டாவது டெஸ்ட் போட்டியின் இரண்டாம் நாள். கொழும்பில் மக்கள் வெள்ளம் ஜனாதிபதி மாளிகையை நோக்கிச் சென்ற அதே வேளை, காலிக் கோட்டைச் சுவரிலும் மைதானத்துக்கு வெளியிலும் மக்கள் திரண்டு, ஜனாதிபதி பதவி விலக வேண்டுமென்று முழங்கினார்கள். கொடிகளும் கோஷமும் சுவர் நிறைய. கீழே ஆட்டம் நிற்கவில்லை. அந்த ஆட்டத்தில் தினேஷ் சந்திமால் ஆட்டமிழக்காது 206 ஓட்டங்கள் எடுத்தார். முதன்முதலாக டெஸ்ட் ஆடிய பிரபாத் ஜயசூரிய 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இலங்கை ஓர் இன்னிங்ஸால் வென்றது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர், "பந்தைப் பார்ப்பதா, சுவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை மகனே" என்றார். எனக்கும் தெரியவில்லை.

இனிப் பயண ஏற்பாடு. இஷாத் தொழுகை முடிந்து ஒன்பது மணிக்கு வண்டி புறப்படும். அம்பாந்தோட்டைப் பள்ளிவாசலில் ஸுபஹ், அங்கேயே தேநீர். காலைச் சாப்பாடும் பகற் பொதியும் வீட்டிலிருந்து வர வேண்டும். மைதானத்தைச் சுற்றியுள்ள கடைகளின் விலை நமக்குக் கட்டாது. காலி பஸ் நிலையத்தில் இறங்கினால் மைதானம் வீதிக்கு அப்பால்தான். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும்; கொத்தளத்தில் நிழல் கிடையாது. மழை வந்தால் ஒதுங்குவதற்குக் கோட்டைக்குள்ளே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது.

இருக்கை விடயத்தில் மாணவர் கூட்டம் நேற்றுக் கூடித் தாமே ஒரு தீர்மானம் செய்திருக்கிறது. முற்பகல் டிக்கெட் எடுத்து எல்லாரும் உள்ளே. பகலுணவுக்குப் பின் எல்லாரும் சுவரில். டிக்கெட்டுக்குக் காசு கட்ட முடியாதவர்கள் ஏழு பேர். அவர்களுக்குரிய தொகையை வகுப்பே பங்கிட்டுக்கொண்டது. பெயர்களை என்னிடமும் சொல்லவில்லை. சாரதிக்கும் ஒரு டிக்கெட் சேர்த்திருக்கிறார்கள். அதை நான் மறந்துபோயிருந்தேன்.

கேள்வி எழுப்பிய ஆசிரிய நண்பர் இன்று காலை என்னிடம் வந்து, வண்டியில் இடமிருக்கிறதா என்று விசாரித்தார். சந்தாங்கேணி மைதானத்தில் மாலையில் பையன்கள் ஆடுவதை வேலியோரம் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றியபடி அவர் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முன்வரிசையில், சாரதிக்குப் பின்னால், அவருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கியிருக்கிறேன்.